மருந்தால் வந்த வலி... சுகப்பிரசவம் ஆகாதா?

நாள் தாண்டிய கர்ப்பம், ஏறிய ரத்த அழுத்தம், கட்டுக்குள் வராத சர்க்கரை... ‘இனி காத்திருக்க வேண்டாம், வலியை வரவைத்துவிடலாம்’ என்று டாக்டர் சொல்லும் நாள், ஒரு பெண்ணுக்கு நல்ல நாளாக அமைய என்ன வேண்டும்?

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி போய்விட்டது, வலியைக் காணோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் வைத்தியர்கள். சீரகக் கஷாயம் குடித்தால் சூட்டு வலியா, பிரசவ வலியா என்று தெரிந்துவிடும் என்பார் அத்தை. விளக்கெண்ணெய் இரண்டு கரண்டி என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார் மாமியார். இத்தனைக்கும் நடுவே, “நாளைக்கு அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க, வலி வர மருந்து வைப்பாங்களாம்” என்று கர்ப்பிணி சொன்னதும் பேச்சு சட்டென்று நிற்கும். அதன் பிறகு வருவதெல்லாம் திகில் கதைகள். டிரிப்ஸ் வலி தாங்கவே முடியாதாம். யாரோ ஒருத்தி இரண்டு நாள் வலியும் பட்டு, கடைசியில் ஆபரேஷனும் பண்ணிக்கொண்டாளாம்.

அப்படி நடந்ததும் உண்டு. அதே வார்டில், அதே மருந்தில், நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் கதை தெருவுக்கு வருவதில்லை. நல்லபடி முடிந்த பிரசவத்தில் பேச என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அங்கேதான் பேச வேண்டியது இருக்கிறது. மருந்து ஒன்றே, அனுபவம் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

ஏன் அவசரப்படுத்துகிறார்கள்?

பிரசவ தேதி என்று எழுதித் தருவது 40 வாரம் முடியும் நாளை. அது ஒரு கணக்குதான். சரியாக அன்றைக்கே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. தேதி தாண்டிய மறுநாளே பதற வேண்டியதில்லை. ஆனால், 41 வாரம் ஆகிவிட்டால் கவனம் கூட வேண்டும். நஞ்சுக்கொடிக்கும் வயதாகிறது. சிலருக்குக் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனும் சத்தும் குறையத் தொடங்கலாம். பனிக்குட நீர் வற்றலாம். குழந்தை உள்ளேயே மலம் கழித்து, அந்த நீரை மூச்சோடு இழுத்துக்கொள்ளலாம்.

2019-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று இந்த அச்சத்தை எண்ணாகவே காட்டியது. 2,760 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 41 வாரத்தில் வலி வரவைத்தார்கள். மறு பாதிக்கு 42 வாரம் வரை காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஆறு குழந்தைகள் இறந்தன. மற்ற பாதியில் ஒன்றுகூட இறக்கவில்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2020-இல் காக்ரேன் அமைப்பு 34 ஆய்வுகளையும் 21,000-க்கும் மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோதும் அதே திசைதான் தெரிந்தது: காத்திருந்தவர்களில் ஆயிரத்துக்கு மூன்று குழந்தைகள் இறந்தன, வலி வரவைத்தவர்களில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. தனிப்பட்ட ஒருவருக்கு ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனாலும் தவிர்க்க முடிகிற ஆபத்து என்பதால், 41 வாரத்தில் வலி வரவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

நாள் தாண்டுவது ஒரு காரணம் மட்டுமே. ரத்த அழுத்தம் ஏறினால், பனிக்குடம் உடைந்தும் வலி வராவிட்டால், குழந்தையின் வளர்ச்சி நின்றுபோனால், உள்ளங்கையும் பாதமும் அரிக்கும் கல்லீரல் கோளாறு வந்தால்... இவற்றுக்கெல்லாம் தேதிக்கு முன்பே கூட வலி வரவைக்க நேரலாம். நம் ஊரில் இன்னொரு பெரிய காரணம் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை மருத்துவர் வி.சேஷையாவும் அவரோடு சேர்ந்தவர்களும் எளிமைப்படுத்திய குளுக்கோஸ் பரிசோதனையால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. கண்டுபிடித்த பிறகு, குழந்தையை எப்போது வெளியே எடுப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

கடைசியில் கத்திதானா?

‘மருந்து வைத்தால் சிசேரியன் நிச்சயம்’ என்பதுதான் ஊர் நம்பிக்கை. 2018-இல் அமெரிக்காவில் 41 மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த, வேறு சிக்கல் இல்லாத 6,106 பெண்கள் அதில் இருந்தார்கள். 39-ஆவது வாரத்தில் வலி வரவைத்தவர்களில் 18.6 சதவீதத்தினருக்கு சிசேரியன் ஆனது. காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். ரத்த அழுத்தச் சிக்கல்களும் முதல் குழுவில் குறைவு: 9.1 சதவீதத்துக்கு எதிராக 14.1.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் 39 வாரத்தில் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று பொருளில்லை. அங்கே ஆள்பலம் உண்டு, குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கக் கருவி உண்டு, பொறுமையும் உண்டு. இங்கே நிலைமை வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 சதவீதம். இவ்வளவு சிசேரியன் நடக்கும் இடத்தில் மருந்தைக் குற்றம் சொல்வது எளிது. எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கேட்பதுதான் கடினம்.

மருந்து வேலை செய்யுமா என்பது பெரும்பாலும் கர்ப்பப்பை வாயின் பதத்தைப் பொறுத்தது. 1964-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு பிஷப் இதற்கு மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, வாய் எவ்வளவு மென்மை என்று ஐந்து கேள்விகள். கெட்டியாக இருந்தால் தொடும்போது மூக்கு நுனி போல இருக்கும். பதமாகிவிட்டால் உதடு போல இருக்கும். மதிப்பெண் குறைவாக இருந்தால் முதலில் வாயைப் பதப்படுத்த வேண்டும். அதற்குத்தான் ஜெல், மாத்திரை, பலூன். அதன் பிறகே டிரிப்ஸ். இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்கும்போதுதான் திகில் கதைகள் பிறக்கின்றன.

நம் நாட்டுக் கணக்கே ஒன்று இருக்கிறது. நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில், ரத்த அழுத்தம் உள்ள 602 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பாதிப் பேருக்கு மிசோபிரோஸ்டால் மாத்திரை. பாதிப் பேருக்கு பலூன். மாத்திரை சாப்பிட்டவர்களில் 57 சதவீதத்தினர் 24 மணி நேரத்துக்குள் சுகமாகப் பெற்றார்கள். பலூன் வைத்தவர்களில் 47 சதவீதம். கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையிலேயே இது சாத்தியம் என்பது முதல் செய்தி. சிறந்த முறையிலும் நூற்றில் 43 பேருக்கு ஒரு நாளுக்குள் சுகப்பிரசவம் ஆகவில்லை என்பது இரண்டாவது செய்தி. ‘காலையில் மருந்து வைத்தால் சாயங்காலம் குழந்தை’ என்ற எதிர்பார்ப்போடு போகிற குடும்பத்துக்கு, இரவு எட்டு மணிக்கே எல்லாம் தோற்றுவிட்டது போலத் தோன்றும். பனிக்குடம் உடைத்து, டிரிப்ஸ் ஏற்றி, தாயும் சேயும் நன்றாக இருந்தால் 12 முதல் 18 மணி நேரம் வரையாவது பார்த்த பிறகே ‘பலிக்கவில்லை’ என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் 2014-இல் தந்த வழிகாட்டல்.

சொட்டுக் கணக்கு

டிரிப்ஸ் மருந்தின் கதை இது: 1906-இல் லண்டனில் ஆய்வாளர் ஹென்றி டேல், பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பதைக் கண்டார். சில ஆண்டுகளிலேயே அதைப் பிரசவத்தில் ஊசியாகப் போடத் தொடங்கினார்கள். ஒரே தவணையாக உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. கர்ப்பப்பை கிழிந்துபோன பெண்களும் உண்டு. 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் தியோபால்ட் என்ற மருத்துவர் அதை மிகக் குறைந்த அளவில், சொட்டுச் சொட்டாக ஏற்றிக் காட்டினார். அந்தச் சாற்றில் வேலை செய்யும் பொருளான ஆக்சிடோசினை 1953-இல் ஆய்வகத்திலேயே உருவாக்கினார் வின்சென்ட் டு விக்னோ. 1955-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1968-இல் உகாண்டாவில் சுல்தான் கரீம் குழுவினர் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேறொரு பொருளைக் கொண்டு வலி வரவைத்தார்கள். இன்றைய ஜெல் அந்த வழியில் வந்தது. மிசோபிரோஸ்டாலோ வயிற்றுப்புண்ணுக்காக வந்த மாத்திரை.

கையில் ஊசியோடு சொட்டு இறங்கும்போது பயப்படும் பெண், ஒன்றைத் தெரிந்துகொண்டால் நல்லது. அந்தக் குழாயில் திருகு இருக்கிறது. வலி அடுக்கடுக்காக வந்தால் குறைக்கலாம்; குழந்தையின் இதயத்துடிப்பு சரிந்தால் நிறுத்தலாம்; நிறுத்தினால் மருந்தின் வேகம் விரைவிலேயே தணியும். பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தால் அது அளவு மீறியது என்பது பிரசவ அறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதனால்தான் யாராவது ஒருவர் வயிற்றின் மேல் கை வைத்து வலிகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ண ஆளில்லாத இடத்தில் இந்த மருந்து ஆபத்து. வீட்டில், மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையால் வலி வரவைக்கப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. விளக்கெண்ணெயும் வேண்டாம்; வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டு, பிரசவத்துக்குத் தேவையான தெம்புதான் போகும்.

வலியைக் கேட்டு வாங்கிய பெண்கள்

அமெரிக்க மானுடவியலாளர் செசிலியா வான் ஹோலன் 1990-களில் சென்னையிலும் அருகிலுள்ள மீனவக் குப்பங்களிலும் தங்கிப் பிரசவங்களைப் பற்றி ஆராய்ந்தார். 2003-இல் வெளியான அவர் புத்தகத்தில் நம்மை யோசிக்கவைக்கும் பகுதி ஒன்று உண்டு. மேற்கத்தியப் பெண்கள் வலியைக் குறைக்க மருந்து கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஏழைப் பெண்கள் வலியைக் கூட்ட மருந்து கேட்டார்கள். வலி வந்தால்தான் சக்தி வரும், சக்தி வந்தால்தான் குழந்தை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. டாக்டர்களும் தாராளமாக மருந்து ஏற்றினார்கள். வலி தணிக்கும் மருந்துதான் யாருக்கும் கிடைக்கவில்லை.

இன்றைக்கு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் முதுகுத்தண்டில் போடும் எபிடியூரல் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அது இன்னும் எல்லோருக்கும் எட்டவில்லை. தானாக வரும் வலி மெல்ல ஏறும், உடம்பு பழகிக்கொள்ளும். மருந்தால் வரும் வலி சிலருக்குச் சீக்கிரமே உச்சத்துக்குப் போய்விடும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. முன்பே சொல்லிவிட்டால் தாங்குகிற தைரியம் வரும்; சொல்லாமல் விட்டால் ஏதோ தவறாக நடக்கிறது என்ற பீதி வரும். பீதி வந்துவிட்டால் வலி இரட்டிப்பு.

தங்கையின் பிரசவம்

என் தங்கைக்கு முதல் பிரசவம். 41 வாரம் ஆகியும் வலி இல்லை. மாப்பிள்ளை வெளிநாட்டில். அம்மாவுக்கு மூட்டு வலி. அரசு மருத்துவமனையில் துணைக்கு ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள் என்பதால் நான் போனேன்.

பரிசோதித்துப் பார்த்த டாக்டர், “வாய் இன்னும் பதமாகலைம்மா. இன்னிக்கு ராத்திரி பலூன் வைக்கிறோம். நாளைக்குப் பார்த்துட்டு டிரிப்ஸ். முதல் பிரசவம், நாளை மறுநாள்கூட ஆகலாம். அவசரமே இல்லை” என்றார். ‘நாளை மறுநாள்கூட’ என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. தங்கைக்கோ முகம் தெளிந்தது. எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதில் வந்த தெளிவு அது.

பலூன் வைக்க வந்த சிஸ்டர் அதை அவள் கையிலேயே கொடுத்தார். “தொட்டுப் பாரும்மா. இதை உள்ளே வெச்சுத் தண்ணி நிரப்புவோம். வாய் மூணு நாலு சென்டிமீட்டர் திறந்ததும் தானா கழண்டு விழும். விழுந்தா பயந்துடாதே, அது நல்ல சேதி.” விடியற்காலையில் கழிவறையிலிருந்து என்னைக் கூப்பிட்டவள், “அக்கா, விழுந்துடுச்சு!” என்றாள், பரிசு விழுந்த மாதிரி. அந்த ஒரு விளக்கம் இல்லாதிருந்தால், ரத்தத்தோடு ரப்பர் குழாய் கழன்று விழுந்ததைப் பார்த்து இருவரும் அலறியிருப்போம்.

காலையில் டிரிப்ஸ் தொடங்கியது. ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே நடக்கவிட்டார்கள். அவள் இடுப்பைத் தேய்த்துவிடும்படி என்னிடம் சொன்னார்கள். சிஸ்டர் அரை மணிக்கொரு முறை வந்து வயிற்றில் கை வைத்து எண்ணிவிட்டு, சொட்டைக் கூட்டும்போதெல்லாம் சொல்லிவிட்டே கூட்டினார். மதியத்துக்குமேல் அவளால் பேச முடியவில்லை. என் கையை நெரித்தாள். “ஆபரேஷன் பண்ணிடச் சொல்லுக்கா” என்று ஒரு கட்டத்தில் அழுதாள். சிஸ்டர் சிரிக்கவில்லை, அதட்டவுமில்லை. “இப்படிக் கேக்கிற நேரத்துலதான் பெரும்பாலும் குழந்தை பக்கத்துல வந்திருக்கும்மா. பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார். பார்த்தார். எட்டு சென்டிமீட்டர். இரவுக்குள் பெண் குழந்தை.

சில வாரம் கழித்து, எப்படி இருந்தது என்று கேட்டேன். “வலி மறக்கலைக்கா. ஆனா யாருமே என்னைத் திட்டலை” என்றாள். பிரசவ அறைக்கு நம் பெண்கள் எதை எதிர்பார்த்துப் போகிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

நல்ல அனுபவத்துக்கு என்ன செலவு?

தங்கைக்குக் கிடைத்ததில் விலை உயர்ந்தது எதுவுமில்லை. அடுத்து என்ன என்று சொன்னார்கள். நேரம் கொடுத்தார்கள். நடக்கவிட்டார்கள். தெரிந்த முகம் ஒன்றைப் பக்கத்தில் இருக்கவிட்டார்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஆய்வுகளும் சாட்சி. பிரசவம் முழுக்கத் துணை ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவம் அதிகமாகிறது, பிரசவ நேரம் சற்றுக் குறைகிறது, கசப்பான நினைவுகளும் குறைகின்றன என்று 2017-இல் காக்ரேன் அமைப்பு சொன்னது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகள் அவை. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கும்படி மத்திய அரசு 2016-இல் வழிகாட்டியது. 2017-இல் வந்த ‘லக்‌ஷ்யா’ திட்டம், பிரசவ அறையில் பெண்ணை மரியாதையோடு நடத்துவதையும் தரத்தின் ஓர் அங்கமாக்கியது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் நல்ல பிரசவ அனுபவத்துக்காகவே 56 பரிந்துரைகளை வெளியிட்டது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. ஒரு சிஸ்டர் ஒரே நேரத்தில் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்பதில்தான் ஏடு நடைமுறைக்கு வருவதும் வராததும் இருக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு சிசேரியனில் முடியும். குழந்தையின் இதயத்துடிப்பு சரியலாம், வாய் திறக்காமலே நிற்கலாம். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு மிசோபிரோஸ்டால் தரக்கூடாது. தழும்பு பிரியும் அபாயம் உண்டு. நஞ்சுக்கொடி வாயை மறைத்திருந்தாலும், குழந்தை குறுக்கே கிடந்தாலும் வலி வரவைக்கவே கூடாது. இந்தக் காரணங்களைப் புரிந்துகொண்டு ஆபரேஷனுக்குப் போன பெண்ணுக்கும் அது நல்ல அனுபவமாகவே இருக்க முடியும். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், சுகப்பிரசவம் ஆனவளுக்கும் அது ஆறாத மனக்காயம்.

அட்மிட் ஆகும் முன் கேளுங்கள்

• எனக்கு ஏன் வலி வரவைக்க வேண்டும்? இன்னும் சில நாள் காத்திருந்தால் என்ன ஆகும்?
• என் கர்ப்பப்பை வாய் பதமாகியிருக்கிறதா? முதலில் பலூனா, ஜெல்லா, மாத்திரையா?
• எவ்வளவு நேரம் ஆகலாம்? எவ்வளவு நேரம் வரை பார்ப்பீர்கள்?
• குழந்தையின் இதயத்துடிப்பை எப்படிக் கவனிப்பீர்கள்?
• வலி தணிக்க இங்கே என்ன வசதி இருக்கிறது?
• யார் துணைக்கு இருக்கலாம்? நடக்கலாமா? சாப்பிடலாமா?
• குழந்தை அசைவு குறைந்தாலோ, ரத்தம் போனாலோ, தண்ணீர் உடைந்தாலோ, அட்மிட் தேதிக்குக் காத்திராமல் உடனே வரலாமா? (ஆம், உடனே போக வேண்டும்.)

இவற்றை டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். கேட்கிற பெண்ணுக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பதில் கிடைக்காத பெண்ணுக்கு அந்த இரவு முழுக்கப் பயம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் குழந்தையின் எடை இருக்கும், பிறந்த நேரம் இருக்கும், போட்ட மருந்துகளின் பெயர் இருக்கும். ‘உங்களுக்கு என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று யாராவது சொன்னார்களா?’ என்று தாயைக் கேட்டு ஒரு வரி எழுதும் இடமும் அதில் வேண்டும். ‘இல்லை’ என்ற பதில் எந்த மருத்துவமனையில் அதிகம் என்று அரசு எண்ணத் தொடங்கினால், வலி வர மருந்து என்றதும் வீடுகளில் பேச்சு நின்றுபோவதும் குறையும்.